41 பைட்டில் ஏழு புள்ளிக் கோலம் (கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஐயா,

வணக்கம். மார்கழிக் கோலங்களைப் பற்றி நீங்கள் எழுதிய குறிப்பின் நடுவே, பழைய வீட்டுக் கணினிகளில் முடிந்தவரை சின்னதாகப் புரோகிராம் எழுதுவது உங்களுக்கு ஒரு பித்து என்று போகிறபோக்கில் சொல்லியிருந்தீர்கள். நான் அந்த வரியிலேயே நின்றுவிட்டேன். மன்னார்குடியில் உரக்கடை வைத்திருக்கிறேன். கணினி என்றால் எனக்கு பில் போடும் பெட்டி, அவ்வளவுதான். என் மகள் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிறாள். அவளிடம் கேட்டேன். "என் போன்லயே 8 ஜிபி ராம் இருக்குப்பா. இருபது பைட் மிச்சம் பிடிச்சு அவர் என்ன பண்ணப்போறார்? வெறும் கஞ்சத்தனம்" என்று சிரித்தாள்.

எனக்குச் சில சந்தேகங்கள். இதில் அப்படி என்ன ருசி? எழுதியதுதான் ஆகச் சின்னது என்று எப்படித் தெரியும்? அந்தக் காலத்தில் நம் தஞ்சை ஜில்லாப் பக்கம் இந்த மெஷின்கள் வந்தனவா? வீட்டில் பழைய கணினி இல்லாமல் நாங்களும் செய்து பார்க்க முடியுமா?

(பெயர் வேண்டாம்)
மன்னார்குடி

அன்புள்ள நண்பருக்கு,

மகள் சொன்னதில் பாதி சரி. (பைட் என்றால் நினைவகத்தில் ஓர் எழுத்து பிடிக்கும் இடம். ராம் என்றால் மெஷின் வேலை செய்யும்போது எழுதி அழிக்கும் நினைவகம்.) போனில் இருபது பைட் மிச்சம் பிடித்து ஒன்றும் ஆகப்போவதில்லை. 1 கேபி நிரல் இடமும் 32 பைட் ராமும் மட்டுமே உள்ள ஏடிடைனி10 மாதிரியான சிப்கள் இருக்கின்றன, அவற்றுக்கு எழுதுகிறவர்களுக்கு இந்தப் பழக்கம் உதவும் என்று நான் வாதாடலாம். ஆனால் நான் அதற்காகச் செய்யவில்லை என்பதால் அந்த வாதத்தை விட்டுவிடுகிறேன்.

கஞ்சத்தனம் என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். கஞ்சன் கையில் இருப்பதைச் செலவழிக்க மாட்டான். இங்கே கையில் எதுவுமே இல்லை. 1981இல் இங்கிலாந்தில் சின்க்ளேர் கம்பெனி விற்ற இசட்எக்ஸ்81 என்ற மெஷினில் மொத்த ராமே 1 கேபி, அதாவது 1024 பைட். அதில் 125 பைட்டை மெஷின் தன் சொந்தக் கணக்குவழக்குக்கு எடுத்துக்கொள்ளும். திரை முழுக்க எழுத்து நிரப்பினால் அதற்கே 793 பைட் போய்விடும். மிச்சம் நூற்றுச் சொச்சம் பைட். அதனால்தான் இவ்வளவு குறைந்த ராம் உள்ள மெஷினில் வெற்று வரிகளுக்கு இடமே ஒதுக்காமல், வரிக்கு ஒரு முடிவுக் குறி மட்டும் வைத்துத் திரையைச் சுருட்டி வைத்திருப்பார்கள். எழுத எழுதத் திரை நினைவகத்தில் வளரும். வளர வளர உங்கள் புரோகிராமுக்கு இடம் குறையும்.

சரி, ருசி எங்கே இருக்கிறது என்று கேட்டீர்கள். நீங்கள் படித்த குறிப்பு கோலத்தைப் பற்றியது என்பதால் கோலத்தை வைத்தே சொல்கிறேன்.

கோலப் புத்தகங்களில் படத்துக்குக் கீழே ஒரே ஒரு வரி இருக்கும்: "7 புள்ளி, நேர்ப்புள்ளி, 1 வரை." அதற்கு மேல் விளக்கம் கிடையாது. உங்கள் தெருவில் கோலம் போடும் யாரிடமும் இந்த வரியைச் சொன்னால் போதும். நடுவில் 7, அதற்கு மேலும் கீழும் 5, 3, 1 என்று 25 புள்ளிகளை வைத்துவிடுவார். கோலம் தெரியாத ஒருவருக்கு இதையே சொல்வதென்றால் ஒரு பக்கம் எழுத வேண்டும். வரி குட்டையாக இருப்பதற்குக் காரணம், மீதி அவர் கையில் ஏற்கெனவே இருக்கிறது. குட்டிப் புரோகிராம் எழுதுவதும் இதேதான். மெஷினின் ரோமில் (செய்யும்போதே பதித்துவிட்ட, அழியாத நினைவகத்தில்) என்ன இருக்கிறது, அதற்கு என்னென்ன பழக்கங்கள் என்று தெரிந்துகொண்டு, அது தானாகவே செய்துவிடுவதை நாம் எழுதாமல் விடுவது.

அந்த 25 புள்ளிகளை 1982இல் வந்த ஸ்பெக்ட்ரம் மெஷினில் போடுவோம். (நம் செய்தித்தாள்களில் வந்த அந்த ஸ்பெக்ட்ரம் அல்ல. இதுவும் சின்க்ளேர் கம்பெனியின் வீட்டுக் கணினிதான்.) பேசிக் மொழி தெரிந்த யாரும் முதலில் இப்படித்தான் எழுதுவார்கள். தமிழ் எழுத்தில் தருகிறேன், மகள் படித்துக்காட்டுவார்:

ஃபார் ஒய் = –3 டு 3: பிரிண்ட் டேப் ஏபிஎஸ் ஒய்; "*******" (டு 7 – 2 * ஏபிஎஸ் ஒய்): நெக்ஸ்ட் ஒய்

ஒய் என்ற எண் –3இலிருந்து 3 வரை ஒவ்வொன்றாகப் போகிறது. குறியை நீக்கிவிட்டுப் பார்த்தால் (ஏபிஎஸ் செய்வது அதைத்தான்) அது 3, 2, 1, 0, 1, 2, 3. அத்தனை இடம் தள்ளி ஆரம்பித்து (அது டேப்பின் வேலை), ஏழு நட்சத்திரத்திலிருந்து வேண்டிய அளவு வெட்டி அச்சிடுகிறது. வரி எண்ணையும் வரி முடிவையும் சேர்த்தால் 63 பைட்.

இதில் இடத்தைத் தின்பது எது தெரியுமா? எண்கள். சின்க்ளேர் பேசிக்கில் 3 என்று ஓர் இலக்கம் அடித்தால் அது ஒரு பைட்டோடு போகாது. கண்ணுக்குத் தெரியாமல் பின்னாலேயே ஓர் அடையாள பைட்டும், அதே எண்ணைக் கணக்குப் போட வசதியான வடிவில் எழுதிய 5 பைட்டும் ஒட்டிக்கொள்ளும். ஆக, 3 என்பதற்கு 7 பைட். ஆனால் கட்டளைச் சொற்கள் ஒவ்வொன்றும் ஒரே பைட்தான், பை உட்பட. நம் வட்டத்தின் பைதான், 3.14159. அதற்கு முன்னால் இன்ட் என்ற சொல்லைப் போட்டால் பின்னம் உதிர்ந்து 3 வரும். இரண்டே பைட். இரண்டு 3களையும் இப்படி மாற்றினால் 10 பைட் மிச்சம். இந்த வித்தை அந்தக் காலத்திலேயே பிரபலம். பூஜ்யத்துக்கு "நாட் பை", ஒன்றுக்கு "எஸ்ஜிஎன் பை" என்று எழுதிய புரோகிராம்களைப் பார்த்து, எழுதியவருக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்று நினைக்கத் தோன்றும்.

இப்போது 53. அடுத்தது எனக்கு மிகவும் பிடித்த இடம். "7 – 2 * ஏபிஎஸ் ஒய்" என்பதில் 7, 2 என இன்னும் இரண்டு எண்கள் இருக்கின்றன. நட்சத்திரங்களைப் பின்னாலிருந்து வெட்டுவதால்தான் 7இலிருந்து கழிக்க வேண்டியிருக்கிறது. ஆனால் ஏழு நட்சத்திரமும் ஒன்றுபோலத்தானே இருக்கின்றன? முன்னாலிருந்து வெட்டினால் யாருக்குத் தெரியப்போகிறது! முன்னாலிருந்து என்றால் கழித்தல் வேண்டாம். ஒன்றோடு ஏபிஎஸ் ஒய்யை இரண்டு முறை கூட்டினால் வெட்ட ஆரம்பிக்கும் இடம் கிடைத்துவிடும். அந்த ஒன்றுக்கு எஸ்ஜிஎன் பை. 18 பைட்டாக இருந்த கணக்கு 8 பைட். மொத்தம் 43.

அப்புறம் இன்னும் ஒரு படி இறங்கலாம். அந்த இன்ட் எதற்கு? –3இலிருந்து 3 வரை போவதற்குப் பதில் –பையிலிருந்து பை வரை போகட்டும். –3.14, –2.14, –1.14, –0.14, 0.86, 1.86, 2.86. ஏழே படிதான். பார்க்கக் கோணலாக இருக்கிறது, ஒன்றுகூட முழு எண் இல்லை. ஆனால் ஸ்பெக்ட்ரமின் ரோமுக்கு ஒரு பழக்கம் உண்டு. இடம் தள்ளுவதற்கோ எழுத்துகளை வெட்டுவதற்கோ பின்ன எண்ணைக் கொடுத்தால், பக்கத்தில் இருக்கும் முழு எண்ணுக்கு அதுவாகவே மாற்றிக்கொள்ளும். 0.86 ஒன்றாகிவிடும், 0.14 பூஜ்யமாகிவிடும். கோலம் கொஞ்சமும் கோணவில்லை. 41 பைட்:

ஃபார் ஒய் = –பை டு பை: பிரிண்ட் டேப் ஏபிஎஸ் ஒய்; "*******" (எஸ்ஜிஎன் பை + ஏபிஎஸ் ஒய் + ஏபிஎஸ் ஒய் டு): நெக்ஸ்ட் ஒய்

இதே தந்திரம் வேறு மெஷினில் செல்லாது. கமடோர் 64இல் புகழ்பெற்ற ஒற்றை வரிப் புரோகிராம் ஒன்று உண்டு. 205.5உடன் பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் நடுவே ஏதாவது ஒரு பின்னத்தைக் கூட்டி, அந்த எண்ணுக்குரிய எழுத்தை அச்சிட்டுக்கொண்டே இரு என்பதுதான் முழுப் புரோகிராமும். அந்த மெஷினில் 205 ஒரு பக்கம் சாய்ந்த கோடு, 206 மறுபக்கம் சாய்ந்த கோடு. திரை நிறைய நிறைய, முடிவில்லாத சிக்குக்கோலம் போல ஒரு புதிர்ப்பாதை ஓடும். அங்கே ரோம் பின்னத்தை அப்படியே வெட்டி எறியும், பக்கத்து எண்ணுக்கு நகர்த்தாது. அதனால்தான் அந்த 0.5. ஒரு மெஷினில் உயிர்நாடியாக இருக்கும் அரை, இன்னொன்றில் தொல்லை. சிப்புக்கு நேரடியாகப் புரியும் மெஷின் மொழிக்கு இறங்கினாலும் கதை இதுதான். ஸ்பெக்ட்ரமில் இருக்கும் இசட்80 சிப்பில், கணக்குப் போடும் ‘ஏ’ என்ற இடத்தைப் பூஜ்யமாக்க நேரடியாகச் சொன்னால் 2 பைட். அதை அதனோடேயே எக்ஸார் செய்தால் (இரண்டு எண்களில் வேறுபடும் இடங்களை மட்டும் 1 ஆக்கும் கணக்கு அது) 1 பைட்.

இதனால்தான் உலக சாதனைப் பட்டியல்களில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. டேவிட் ஹார்ன் என்பவர் 1 கேபி இசட்எக்ஸ்81இல் 672 பைட்டில் சதுரங்கம் எழுதினார். கேஸ்லிங் (ராஜாவும் யானையும் ஒரே முறையில் நகர்வது) கிடையாது, சிப்பாய் கடைசிக் கட்டம் போனால் ராணியாகாது. ஆனாலும் கணினி உங்களோடு ஆடும். பல வருஷம் அசையாமல் இருந்த அந்தக் கணக்கை 2015இல் 487 பைட்டில் பூட்செஸ் என்ற புரோகிராம் முந்தியது. ஆனால் அது பிசியில் ஓடுவது. சிப் வேறு, ரோம் வேறு, நினைவகம் எக்கச்சக்கம். இரண்டையும் ஒரே தராசில் வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. ஹார்னின் பெயரை எங்கே பார்த்தாலும் இன்றும் எழுந்து நிற்பேன்.

ஆகச் சின்னது எது என்று எப்படித் தெரியும் என்ற உங்கள் கேள்வி உரக்கடைக்காரர் கேட்கிற கேள்வி போலத் தெரியவில்லை. பெரிய கணித மேதைகள் கேட்ட கேள்வி. பதில்: பொதுவாகத் தெரியாது, தெரிந்துகொள்ள வழியும் கிடையாது. ஒரு விஷயத்தை உருவாக்கும் மிகச் சிறிய புரோகிராமின் நீளத்தையே அந்த விஷயத்தின் சிக்கலுக்கு அளவுகோலாக வைக்கலாம் என்று ரஷ்யாவின் கோல்மோகோரோவ் 1965இல் எழுதினார். அந்த நீளத்தை எப்போதும் சரியாகக் கண்டுபிடித்துத் தரும் பொதுவான முறை எதுவும் இருக்க முடியாது என்பது நிரூபிக்கப்பட்ட விஷயம். எல்லாவற்றையும் ஓட்டிப் பார்த்துவிடலாமே என்று மகள் சொல்லலாம். 41 பைட்டில் எழுதக்கூடிய வரிசைகளின் எண்ணிக்கை 99 இலக்க எண். அதிலும் பல நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். எது நிற்கும், எது நிற்காது என்று முன்கூட்டிச் சொல்லும் பொது முறை கிடையாது என்று கணித மேதை டூரிங் 1936லேயே காட்டிவிட்டார். ஆக, இந்த விளையாட்டில் ஜெயித்தவர் என்று யாருமில்லை, இன்றைக்கு முன்னால் நிற்பவர் மட்டும்தான்.

கோலத்தையும் கணினியையும் நான்தான் முடிச்சுப்போட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள். தாம்பரம் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி ஆகியோரும் கமலா கிருதிவாசனும் 1974லேயே கோலங்களுக்கு இலக்கண விதிகள் எழுதி ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். சில விதிகளைத் திரும்பத் திரும்பப் போட்டால் கோலம் எந்த அளவுக்கும் வளரும் என்பது அதன் சாரம். அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

நம் பக்கம் மெஷின் வந்ததா? 1984இல் மத்திய அரசு கிளாஸ் என்ற திட்டத்தில் பள்ளிகளுக்கு பிபிசி மைக்ரோ கணினிகளைக் கொடுத்தது. நான் முதலில் தொட்டது அதைத்தான், கும்பகோணத்துக்கு இந்தப் பக்கம் ஒரு பள்ளியில். செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். 32 கேபி ராம். நல்ல தெளிவான படம் வேண்டுமென்றால் திரையே 20 கேபியை எடுத்துக்கொள்ளும். நாற்றங்காலுக்குத் தண்ணீர் பாய்ச்சும் நாட்களில் சுற்றுவட்டாரத்து பம்புசெட் எல்லாம் ஒரே நேரத்தில் ஓடும். லோ வோல்டேஜில் திரையில் படம் நான்கு பக்கமும் உள்வாங்கும், ஸ்டெபிலைசர் டக்டக்கென்று தட்டும், அப்புறம் கரண்ட் போகும். அடித்தது மொத்தமும் போச்சு. கேசட்டில் பதிந்து வைக்கலாம்தான், ஆனால் கேசட் சாரின் பீரோவில். எங்கள் வகுப்பில் நீளமாக எழுதுகிறவன் பாடு திண்டாட்டம். கரண்ட் வந்ததும் மனப்பாடமாக மறுபடி அடிக்க முடிகிற அளவுக்குள் எழுதுகிறவனுக்குத்தான் மணி அடிப்பதற்குள் ஏதாவது ஓடும். என் பித்தின் வேர் அங்கே இருக்கலாம். நிச்சயமாகச் சொல்ல மாட்டேன்.

செய்து பார்க்கப் பழைய மெஷின் தேவையில்லை. ஸ்பெக்ட்ரமுக்கு ஃப்யூஸ், கமடோருக்கு வைஸ் என்று எமுலேட்டர்கள் (இன்றைய கணினியில் பழைய மெஷினைப் போல நடிக்கும் புரோகிராம்கள்) இலவசமாகவே கிடைக்கின்றன. ஒன்றை மட்டும் மகளிடம் சொல்லிவிடுங்கள். ஸ்பெக்ட்ரமில் கட்டளைச் சொற்களை எழுத்து எழுத்தாக அடிக்கக் கூடாது. பை வேண்டுமென்றால் இரண்டு ஷிஃப்டையும் சேர்த்து அழுத்திவிட்டு எம் விசையைத் தட்ட வேண்டும். பி, ஐ என்று தனித்தனியாக அடித்தால் அது வெறும் இரண்டெழுத்துப் பெயர், மெஷினுக்குப் புரியாது.

41ஐவிடக் கீழே போக முடியுமா என்று அவர் முயன்று பார்க்கட்டும். வரி எண், நீளம், வரி முடிவு ஆகிய 5 பைட்டையும் கணக்கில் சேர்க்க வேண்டும். நட்சத்திரத்துக்குப் பதில் புள்ளி வைத்தாலும் சரிதான். ஓடி முடிந்ததும் கீழே ஓகே என்று வர வேண்டும், பிழைச் செய்தியோடு நிற்பது செல்லாது என்பது என் விதி. போட்டிகளில் இதற்கு இடம் கொடுப்பவர்களும் உண்டு, அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. மகள் கண்டுபிடித்தால் தமிழ் எழுத்திலேயே எழுதி அனுப்பச் சொல்லுங்கள், போடுகிறேன்.

அன்புடன்.