ஸ்பைடர் பிளான்ட்டின் இலை நுனி கருகுவதற்குத் தண்ணீர் காரணமாக இருக்குமா?

தொங்கு தொட்டியில் வைத்திருக்கும் வெள்ளைக் கோட்டு ஸ்பைடர் பிளான்ட்டுக்கு நாள் தவறாமல் தண்ணீர் ஊற்றியும் இலை நுனிகள் பழுப்பாகக் கருகுகின்றன, கோடும் மங்கிக்கொண்டே வருகிறது, என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். வீடு கிருஷ்ணகிரியில் என்றும், ஊற்றுவது ஆழ்துளைக் கிணற்று நீர் என்றும் நீங்களே எழுதியிருப்பதால், பதிலில் பாதி உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது.

நான் தருமபுரிக்காரன். ஓசூரில் ஒரு நர்சரியில் செழிப்பாக இருந்த செடியை வாங்கி வந்து கூடத்து ஜன்னலோரம் தொங்கவிட்ட இரண்டே மாதத்தில் எனக்கும் இதே கதைதான் நடந்தது. முதலில் ஊசி முனையளவு பழுப்பு தோன்றியது. பிறகு அது அரை அங்குலம் வரை ஏறியது. கருகிய பகுதிக்கும் பச்சைக்கும் இடையில் நூல் போல ஒரு மஞ்சள் கோடு ஓடியது. செடிக்குத் தாகம் என்று எண்ணி இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினேன். சத்துக் குறைவு என்று ஒருவர் சொன்னதைக் கேட்டு ஒரு சிட்டிகை சூப்பர் பாஸ்பேட் போட்டேன். இவை எல்லாவற்றையும் விடப் பெரிய தவறு, சமையலறை ஆர்.ஓ. இயந்திரம் வெளியேற்றும் கழிவு நீரை வீணாக்க மனமில்லாமல் வாளியில் பிடித்து இந்தச் செடிக்கு ஊற்றியதுதான்.

நம் இரு மாவட்டங்களிலும் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பது புதிய செய்தியன்று. கருங்கல் பாறைகளில் உள்ள சில கனிமங்களிலிருந்து அது மெல்ல மெல்ல நீரில் கரைந்து இறங்குகிறது. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்றும், வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1.5 மில்லிகிராம் வரை பொறுத்துக்கொள்ளலாம் என்றும் இந்தியத் தர நிர்ணயம் வரையறுத்திருக்க, நம் ஊர்களில் பல கிணறுகள் அதைத் தாண்டியவை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வருவதற்கு முன்பு பென்னாகரம் பக்கத்தில் கிணற்று நீர் குடித்து வளர்ந்தவன் நான். ஃபுளோரைடு மிகுந்த நீர் பல்லில் விடும் பழுப்புக் கோடு என் முன்பற்களிலும் உண்டு. கண்ணாடியில் தினமும் பார்க்கும் கறையைச் செடியின் இலையில் அடையாளம் காண எனக்கு ஓராண்டு ஆயிற்று.

செடிக்குள் நடப்பது இதுதான். வேர் உறிஞ்சும் நீர் இலை வழியே ஆவியாகிப் போய்விடுகிறது. அதனோடு ஏறிய ஃபுளோரைடு போக வழியில்லாமல் நீரோட்டம் முடியும் இடமான இலை நுனியில் சேர்ந்துகொண்டே இருந்து, ஓர் அளவுக்கு மேல் அங்குள்ள திசுவைக் கொன்றுவிடுகிறது. வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளைப் படிவு தங்குவதும் இப்படித்தான். மணி பிளான்ட் இதைப் பெரிதாகப் பொருட்படுத்தாது. ஸ்பைடர் பிளான்ட்டும் டிரசீனாவும் உடனே காட்டிக்கொடுத்துவிடும். ஆர்.ஓ. கழிவு நீரில் நாம் குடிக்காமல் விலக்கிய உப்பும் ஃபுளோரைடும் இன்னும் அடர்த்தியாகச் சேர்ந்திருக்கும். சூப்பர் பாஸ்பேட்டிலும், அது தயாராகும் பாறையிலிருந்தே வந்த ஃபுளோரைடு கொஞ்சம் இருக்கும். ஆக, மருந்து என்று நினைத்து நான் கொடுத்ததெல்லாம் நோயாகவே இருந்திருக்கிறது.

நம்பிக்கை வராமல், ஒரே கொடியில் விளைந்த இரண்டு குட்டிகளை ஒரே மண்ணில், ஒரே ஜன்னலில் வைத்து, ஒன்றுக்கு மழைநீரும் மற்றதற்குக் கிணற்று நீருமாக ஊற்றிப் பார்த்தேன். மூன்று மாதத்தில் கிணற்று நீர்க் குட்டியின் வெளியிலைகள் நுனி சிவந்து கருகின. மற்றதில் ஒன்றிரண்டு இலைகளைத் தவிர எல்லாம் கூர்மையாகவே நின்றன. உப்பு மிகுதி, வறண்ட காற்று, தொட்டி நிறைய வேர் நெருக்கிக்கொள்வது ஆகியவற்றாலும் நுனி கருகும் என்பதால் எல்லாப் பழியையும் ஃபுளோரைடின் தலையில் போட மாட்டேன். ஆனாலும் நம் ஊரில் முதலில் மாற்றிப் பார்க்க வேண்டியது தண்ணீரைத்தான்.

கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போகாது. நீர் ஆவியாவதால் அடர்த்திதான் கூடும். இரவெல்லாம் திறந்து வைத்தால் குளோரின் வாடை போகலாம், இது போகாது. மழைநீரே சிறந்தது. மாடியிலிருந்து மழைநீர் சேகரிப்புத் தொட்டிக்கு இறங்கும் குழாயின் கீழ், முதல் மழையை ஓடவிட்ட பிறகு, ஒரு கேனை வைத்துப் பிடித்துக் கொசு புகாமல் மூடி வையுங்கள். நடுத்தரத் தொட்டிக்கு வாரம் அரை லிட்டர் என்று வைத்தாலும் 20 லிட்டர் கேன் 40 வாரத்துக்கு வரும். மழைநீர் தீர்ந்தால் ஏ.சி. யிலிருந்து சொட்டும் நீரோ, கிணற்று நீரோடு கலக்காமல் பிடித்த ஒகேனக்கல் நீரோ போதும். மாதம் ஒரு முறை அடித் துளை வழியே வழிந்தோடும் வரை ஊற்றினால், மண்ணில் ஏற்கெனவே தேங்கிய உப்பும் கழுவப்படும்.

நாள் தவறாமல் ஊற்றுவதையும் நிறுத்துங்கள். தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தீர்களானால், வேர்கள் தண்ணீர்விட்டான் கிழங்கைப் போல வெள்ளையாகப் பருத்திருப்பதைக் காண்பீர்கள். இரண்டும் ஒரே தாவரக் குடும்பம்தான். நீரைச் சேமித்து வைத்திருக்கும் செடிக்கு, மேல்மண் ஓர் அங்குலம் காய்ந்த பிறகு ஊற்றினால் போதும். மண்ணுக்குச் செம்மண், நன்றாக அலசிய தேங்காய் நார்த்தூள், மண்புழு உரம், கொஞ்சம் மணல் ஆகியவற்றைக் கலந்துகொள்ளலாம். வேறு உரம் நான் போடுவதில்லை.

கோடு மங்குவது வேறு விஷயம். அது பெரும்பாலும் வெளிச்சக் குறைவால் வருவது. வெள்ளைப் பகுதியில் பச்சையம் இல்லாததால் உணவு சமைக்கும் பொறுப்பு முழுவதும் பச்சைப் பகுதியின் மேல் விழுகிறது. கிழக்கு ஜன்னலுக்கு அருகில், காலை வெயில் சற்று நேரம் மட்டும் படும் இடம் சரியாக இருக்கும். சித்திரை மாதத்து மேற்கு வெயில் இலையை வெளுக்க வைத்துவிடும். முழுப் பச்சையாக ஒரு கிளை கிளம்பினால், அதை வேரோடு பிரித்து வேறு தொட்டிக்கு மாற்றிவிடுங்கள். விட்டு வைத்தால் கோட்டுச் செடியை அதுவே அமுக்கிவிடும். புதுச் செடி வேண்டுமானால் விதையை நம்பாமல், கொடியில் தொங்கும் குட்டியைத் தாயிடமிருந்து வெட்டாமலே ஒரு சிறு கோப்பை மண்ணில் பதித்து வைத்து, வேர் பிடித்த பிறகு கொடியை நறுக்குங்கள்.

வீட்டுக் காற்றைச் சுத்தம் செய்யும் என்று சொல்லி விற்பார்கள். அதற்கு ஆதாரமாகக் காட்டப்படும் 1989-ஆம் ஆண்டு நாசா அறிக்கையில் வரும் சோதனைகள் மூடிய சிறு பெட்டிக்குள் நடந்தவை. நம் கூடத்துக்கு ஜன்னலைத் திறப்பதே மேல். பூனையோ நாயோ கடித்தாலும் இந்தச் செடியில் நஞ்சு இல்லை என்பதுதான் எனக்குப் பெரிய ஆறுதல்.

கருகிய நுனி மறுபடி பச்சையாகாது; ஆகவே பழைய இலைகளைப் பார்த்து மனம் தளராமல், தண்ணீரை மாற்றிய பிறகு நடுவில் முளைத்து வரும் இலைகளை மட்டும் கவனியுங்கள். பழைய நுனி கண்ணை உறுத்தினால், கத்தரிக்கோலால் இலையின் கூர் வடிவத்திலேயே சாய்வாக நறுக்கலாம். ஆனால் பச்சையைத் தொடாமல், மயிரிழை அளவு பழுப்பை விட்டு நறுக்குங்கள்.