கண் கட்டியவள் தெமிஸ் இல்லை

கேள்வி: மகள் வழக்கறிஞராகப் பதிவு செய்திருக்கிறாள். அடுத்த மாதம் குடும்பத்தோடு ஏதென்ஸ் போகிறோம். அங்கே அவளுக்குக் கிரேக்க நீதி தேவதை தெமிஸின் சிலை வாங்கித் தர ஆசை. பயண ஏற்பாட்டாளர் அறிமுகப்படுத்திய கடைக்காரர், கண்கட்டு, வாள், தராசோடு ஒரு வெண்கலச் சிலையின் படத்தை அனுப்பி, "பழங்காலக் கோயில் சிலையின் அச்சு அசல் நகல், சான்றிதழும் உண்டு" என்று முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். படத்தில் இருப்பவள் தெமிஸே இல்லை.

பழைய கிரேக்கச் சிற்பிகள் தெமிஸுக்குக் கண் கட்டவில்லை. அந்தத் துணி பிரபலமானது 1494இல் பாசல் நகரில் அச்சான ஒரு நையாண்டி நூலின் படத்தால். அதில் கோமாளி ஒருவன் பின்னால் நின்று நீதியின் கண்ணைக் கட்டுகிறான். வீண் வழக்காடுகிறவர்களைக் கேலி செய்த படம் அது. பிற்பாடுதான் அதற்குப் 'பாரபட்சமின்மை' என்று அர்த்தம் கொடுத்தார்கள். நம் சட்டக் கல்லூரி மலர்கள் அட்டையில் கண் கட்டிய பெண்ணைப் போட்டு அடியில் 'தெமிஸ்' என்று இன்னமும் அச்சடிக்கின்றன. சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.

தெமிஸுக்குப் பார்ப்பதுதான் வேலையே. அப்போலோ தெய்வத்துக்கு முன், கிரேக்கர்கள் குறி கேட்கப் போகும் டெல்ஃபி கோயிலில் குறி சொன்னவள் அவள். பெர்லினில் உள்ள ஒரு பழைய கிரேக்கக் கிண்ணத்தின் ஓவியத்தில், முக்காலி மேல் உட்கார்ந்து, கையிலுள்ள தட்டையே குனிந்து பார்க்கிறாள். மறு கையில் புன்னை மாதிரியான லாரல் கொப்பு. எதிரே பதிலுக்காக நிற்பவன் ஏதென்ஸ் அரசன் ஈஜியஸ். வாள் எங்கும் இல்லை.

ஏதென்ஸில் அவளைப் பார்க்க வேண்டுமானால் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் 231ஆம் எண் சிலையைத் தேடுங்கள். ராம்னூஸ் ஊரில் கிடைத்தது, கி.மு. 300 வாக்கில் கைரெஸ்திராதோஸ் செய்த பளிங்குச் சிலை, உயரம் 2.22 மீட்டர். கண் திறந்துதான் இருக்கிறது.

தராசு விஷயத்தில் மட்டும் கடைக்காரருக்கு ஒரு இடம் விட வேண்டும். அந்தச் சிலையின் கைகள் உடைந்துபோய்விட்டன. வலக்கையில் பூசைத் தட்டும் இடக்கையில் தராசும் இருந்திருக்கலாம் என்று ஊகிக்கிறார்கள். ஊகம்தான், ஆனாலும் நியாயமான ஊகம். ஆகவே தராசு பிடித்த தெமிஸைப் பார்த்ததும் போலி என்று சண்டை போடாதீர்கள். கண்கட்டும் வாளும் சேர்ந்திருந்தால் அது பிற்கால ஐரோப்பியச் சிலை, ரோமானியப் பெயரில் யுஸ்டீசியா. அதுவும் அழகுதான். அதை அதன் விலைக்கு வாங்க வேண்டும். 'கோயில் நகல்' விலைக்கு அல்ல.

அப்புறம் அந்த 'வெண்கலம்'. இந்தக் கடைகளில் பாதிக்குப் பாதி, பிசினில் வெண்கலத் தூளைக் கலந்து வார்த்தவை. கையில் எடுத்தால் உருவத்துக்கேற்ற கனம் இருக்காது, உலோகத்தின் சில்லிப்பும் இருக்காது. அடியில் ஒட்டியிருக்கும் பச்சைத் துணியின் ஓரத்தைத் தூக்கிப் பாருங்கள், குட்டு வெளிப்படும். பழமையைக் காட்டும் பச்சைக் களிம்பையோ ரசாயனம் பூசியே வரவழைத்துவிடலாம். சான்றிதழ் என்பது பெரும்பாலும் அவர்கள் கடை அச்சு இயந்திரத்தில் வந்த தாள். உங்கள் ஏற்பாட்டாளருக்கு அதில் கமிஷன் இருக்கும். இல்லாமல் யார் அறிமுகம் செய்வார்கள்?

"நகல் வேண்டாமென்றால் உண்மையான பழசு சின்னதாக ஒன்று இருக்கிறது" என்று யாராவது குரலைத் தாழ்த்தினால் உடனே வெளியே வந்துவிடுங்கள். கிரேக்கத்தின் 3028/2002 சட்டப்படி, அனுமதியின்றித் தொல்பொருளை நாட்டைவிட்டுக் கொண்டுபோவது குற்றம். உடைந்த பானை ஓடானாலும் சரி. விமான நிலையத்தில் மாட்டுவது நீங்கள், விற்றவர் அல்ல.

அருங்காட்சியகக் கடையில் நகல் கேளுங்கள். ரசீதைப் பெட்டியில் போடாமல் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கண்கட்டு இல்லையே என்று மகளின் சீனியர் கேட்டால், 2024இல் நம் உச்ச நீதிமன்றம் நீதிபதிகள் நூலகத்தில் வைத்த புதிய சிலைக்கும் கண்கட்டு கிடையாது என்று சொல்லச் சொல்லுங்கள்.