தொண்ணூறு வயதுக் கிழவரைக் கூண்டில் ஏற்றி என்ன பயன்?

"எழுபது வருஷம் கழித்து, நடக்கவே முடியாதவர்களைப் போர்க்குற்றத்துக்காக விசாரிப்பது வீண் இல்லையா?" என்பது இரண்டாம் உலகப் போர்க் கால வழக்குகள் பற்றி எழும் கேள்வி. வீண் இல்லை என்பேன்.

சட்டத்தில் சிக்கல் இல்லை. நம் நாட்டிலும் கொலைக்குக் காலவரம்பு கிடையாது. மனிதகுலத்துக்கு எதிரான குற்றங்களுக்கு அதை பிரான்ஸ் 1964-லேயே நீக்கிவிட்டது.

மோரிஸ் பாப்போனைப் பாருங்கள். பிரான்சின் போர்தோ நகரில் யூதர்களை நாஜி முகாம்களுக்கு நாடுகடத்த உதவிய அதிகாரி. போருக்குப் பிறகு பாரிஸ் போலீஸ் தலைவர், அப்புறம் மந்திரி! 1998-ல்தான் பத்தாண்டு தண்டனை. உடல்நிலை காரணமாக 2002-ல் வெளியே வந்தார். தாமதம் அவருக்குக் கிடைத்த சலுகை. அதையே காரணமாக்கி இன்னொரு சலுகையா?

ஸ்டுட்ஹாஃப் நாஜி வதைமுகாமில் தட்டச்சு செய்த இர்ம்கார்ட் ஃபுர்ஷ்னருக்கு 2022-ல் ஜெர்மனியில் தீர்ப்பு. வயது 97. குற்றம் நடந்தபோது 18, 19 என்பதால் சிறார் நீதிமன்றம்! இரண்டாண்டு தண்டனை, அதுவும் நிறுத்திவைப்பு. சிறைக்குப் போகவில்லை. ஆனால் உயிர் பிழைத்தவர்கள் சொன்னது நீதிமன்றப் பதிவில் ஏறிவிட்டது.

எனக்கு உறுத்துவது வயதில்லை, ஞாபகம். உக்ரைனில் பிறந்த ஜான் தெம்யான்யுக்கை ட்ரெப்ளிங்கா என்ற நாஜி முகாமின் கொடூரக் காவலாளி என்று சாட்சிகள் அடையாளம் காட்டி, இஸ்ரேல் 1988-ல் மரண தண்டனை விதித்தது. ஆள் அவர்தானா என்ற சந்தேகத்தால் 1993-ல் அங்கேயே உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. பிறகு 2011-ல் மியூனிக்கில் அவரைத் தண்டித்தபோது, சோபிபோர் என்ற இன்னொரு நாஜி முகாமில் அவர் வேலை பார்த்ததற்கான ஆவணங்களே பெரிதும் கைகொடுத்தன. காகிதம் இருந்தால் வழக்குப் போடலாம். வெறும் ஞாபகம் என்றால் யோசிக்க வேண்டும்.

புதுச்சேரியில் எங்கள் தெருவில் ஒரு சொல்தா தாத்தா, அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர், பிரெஞ்சு பென்ஷன்காரர். இதைக் கேட்டதும், "எனக்கு வயசாச்சுன்னு பென்ஷனை நிறுத்துறானா தம்பி?" என்றார்.