மகள் வேதாகமத்தை மேசையிலேயே வைத்துவிட்டுப் போனாள்

அன்புள்ள ஆலோசகருக்கு, ஸ்தோத்திரம்.

எனக்கு 49 வயது. ஒரே மகளுக்கு 19. இரண்டு வருடமாக அவள் சபைக்கு வருவதில்லை. குடும்ப ஜெபத்துக்குக் கூப்பிட்டால் "படிக்கணும்மா" என்று கதவைச் சாத்திக்கொள்கிறாள். என் அம்மாவின் வேதாகமம் எங்களிடம் இருக்கிறது. முன்பக்கத்தில் மூன்று தலைமுறையின் பிறப்பு, ஞானஸ்நானம், திருமணம் எல்லாம் எழுதியிருக்கும். கடைசிப் பெயர் என் மகளுடையது. விடுதிக்குக் கிளம்பிய அன்று அதை அவள் பையில் வைத்தேன். எடுத்துப் பத்திரமாக மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

நான் என்ன குறை வைத்தேன்? ஞாயிறு பள்ளி ஒரு வாரம் தவறியதில்லை. எட்டு வயதிலேயே சங்கீதம் 23, 91, 121 மூன்றையும் பார்க்காமல் சொல்வாள். இப்போதும் தினமும் காலையில் ஒரு வசனம் அனுப்புகிறேன். பார்க்கிறாள், பதில் இல்லை. "மகள் வரலையா?" என்று சபையில் வாராவாரம் கேட்கிறார்கள். அக்கா பிள்ளைகள் பாடகர் குழுவில் நிற்கும்போது நான் தலையைக் குனிந்துகொள்கிறேன்.

என் அம்மாவுக்கு இவள் என்றால் உயிர். அம்மா நோயில் கிடந்தபோது இவளுக்கு 9 வயது. நீ விசுவாசத்தோடு ஜெபித்தால் பாட்டி எழுந்துவிடுவாங்க என்று சொல்லியிருந்தேன். பிள்ளை ராத்திரியெல்லாம் முழங்காலில் நின்றாள். அடக்கத்தன்று "என் விசுவாசம் போதலையாம்மா?" என்று கேட்டாள். அழுதுகொண்டிருந்த நான், இப்போது இதெல்லாம் கேட்காதே என்றேன். அது போகட்டும். அந்தப் பாட்டியின் வேதாகமத்தையே வேண்டாம் என்கிறாளே! தீமோத்தேயுவின் பாட்டி லோவிசாள், தாய் ஐனிக்கேயாள் என்று வந்தது போன்ற விசுவாச வரிசை என்னோடு அறுந்துபோகுமா? இவள் மனதை எப்படி மாற்றுவது?

– ஒரு தாய்

அன்புச் சகோதரி,

சபையார் கேட்பதும் அக்கா பிள்ளைகள் பாடுவதும் இருக்கட்டும். "அது போகட்டும்" என்று நீங்கள் தாண்டிப்போன இடத்தைத் தாண்ட என்னால் முடியவில்லை. அது போகவில்லை, சகோதரி. பத்து வருடமாக அது அவளோடுதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

ஒன்பது வயதுப் பிள்ளை நீங்கள் சொன்னதை அப்படியே கணக்குப் போடும். விசுவாசித்தால் பாட்டி பிழைப்பார், பிழைக்கவில்லை, அப்படியானால் குறை என்னிடம். இந்தக் குற்ற உணர்வை வருடக்கணக்கில் சுமக்க முடியாது. வளர்ந்தபின் ஒரு பிள்ளைக்குத் தெரியும் ஒரே தப்பும் வழி, ஜெபம் என்பதே இல்லை என்று முடிவுகட்டுவது. உங்களுக்குச் சுதந்தரமாக, அதாவது தலைமுறைச் சொத்தாகத் தெரியும் அந்த வேதாகமம் அவளுக்குப் பாட்டியைக் காப்பாற்றத் தவறிய நாளை நினைவூட்டலாம். ஆனாலும் அதைப் பத்திரமாகத்தான் வைத்தாள். வெறுப்பவர்கள் அப்படி வைப்பதில்லை.

அன்பினால்தான் சொன்னீர்கள். இருந்தும் அது தவறு. மாற்கு 9-இல் மகனைக் குணமாக்கும்படி இயேசுவிடம் வந்த தகப்பன், "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று கதறுகிறான். குறைவை ஒப்புக்கொண்டது தகப்பன். பிள்ளையிடம் யாரும் விசுவாசம் கேட்கவில்லை. பவுல் மூன்று தரம் வேண்டியும் அவர் மாம்சத்திலிருந்த முள், அவரை வருத்திய அந்தப் பாடு, நீங்கவில்லை. யோவான் 11-இல் லாசரு இறந்தபின் அவன் சகோதரிகள் மார்த்தாளும் மரியாளும் தனித்தனியே இயேசுவிடம் வந்து, நீர் இங்கே இருந்திருந்தால் எங்கள் சகோதரன் மரித்திருக்கமாட்டான் என்று ஒரே முறையீட்டை வைக்கிறார்கள். இயேசு இருவரையும் அடக்கவில்லை. மரியாள் அழுவதைக் கண்டு அவரும் அழுதார்.

இன்னொன்றையும் கவனியுங்கள். யாத்திராகமம் 12, உபாகமம் 6, யோசுவா 4 மூன்றிலும் விசுவாசம் அடுத்த தலைமுறைக்குப் போவது ஒரே விதமாகத்தான்: பிள்ளை கேட்கிறது, பெற்றோர் பதில் சொல்கிறார்கள். இஸ்ரவேலர் யோர்தான் நதியிலிருந்து 12 கற்களை எடுத்து நாட்டியதே பிள்ளைகள் கேட்பார்கள் என்பதற்காக. உங்கள் மகளும் கேட்டாள். சுதந்தரம் கைமாற வேண்டிய நாள் அந்த அடக்க நாள்தான். விடுதிக்குப் போன நாளில் நீங்கள் கொடுக்கப் பார்த்தது புத்தகத்தை மட்டும்.

அடுத்த விடுமுறையில் நேரில் பேசுங்கள். எதிரெதிரே உட்கார வேண்டாம். சேர்ந்து நடக்கும்போது சொல்வது இருவருக்கும் எளிது. "பாட்டியை அடக்கம் பண்ணின அன்று நீ ஒன்று கேட்டாய். நான் உன் வாயை அடைத்துவிட்டேன். உன் விசுவாசத்தில் குறை இல்லை. அந்தப் பாரத்தை உன்மேல் வைத்தது என் தவறு." இவ்வளவு போதும்.

இதற்குப் பின்வரும் பேச்சில்தான் பெரும்பாலும் காரியம் கெடுகிறது. "ஆனாலும் தேவசித்தம்..." என்று தொடங்கினால் அவள் மறுபடி வாயை மூடிக்கொள்வாள். நீங்கள் உடைந்து அழுதால் அவள் உங்களைத் தேற்ற வேண்டியதாகிவிடும். "இனி சபைக்கு வருவாயா?" என்று கேட்டால் கேட்ட மன்னிப்பு பேரமாகிவிடும். தாவீதின் பிள்ளை இறந்த கதையை எடுக்கவே வேண்டாம். அங்கே மரணம் பாவத்தோடு சேர்த்துச் சொல்லப்படுகிறது, அது நேராக அவள் காயத்தில் போய் விழும். பாட்டி ஏன் பிழைக்கவில்லை என்று கேட்டால், "எனக்கும் தெரியாதும்மா" என்று சொல்லுங்கள். கோபப்பட்டால் கேட்டுக்கொள்ளுங்கள். நினைவில்லை என்றால் வற்புறுத்தாதீர்கள்.

தினசரி வசனத்தை நிறுத்திவிட்டு, சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று எழுதுங்கள். இதெல்லாம் செய்தபின்பும் அவள் சபைக்கு வராமல் இருக்கலாம். வரவைப்பதற்காக இதைச் செய்தால் அவளுக்குத் தெரிந்துவிடும். வேதாகமம் அவள் வைத்த இடத்திலேயே இருக்கட்டும். அவளாகக் கேட்கும்வரை பையில் வைக்காதீர்கள்.