பரந்தூர் மனைக்குத் தனிநபர் கடன் வாங்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 38. வேலூரில் தனியார் வேலை. பரந்தூர் விமான நிலையம் வரப்போகும் இடத்துக்குப் பக்கத்தில் 1,200 சதுர அடி மனை 24 லட்சத்துக்கு வருகிறது. வங்கி டெபாசிட் 14 லட்சம் இருக்கிறது. பதிவுச் செலவும் சேர்த்து மீதி 12 லட்சத்துக்குத் தனிநபர் கடன் எடுக்கச் சொல்கிறார் புரோக்கர். மூன்று வருடத்தில் இரட்டிப்பு விலைக்கு விற்றுவிடலாமாம். 25,000 ரூபாய் டோக்கன் கொடுத்துவிட்டேன். பதிவு செய்யலாமா சார்?

பதில்: இந்தக் கணக்கில் வேண்டாம்.

மனையில் வாடகை வராது. அங்கே வீடு கட்டிக் குடிபோகும் எண்ணமும் உங்களுக்கு இல்லை. அப்படியானால், உங்களைவிட அதிக விலை கொடுக்க இன்னொருவர் வந்தால்தான் லாபம். இது ஊக வணிகம். செய்யக்கூடாது என்று இல்லை, போனாலும் குடும்பம் தாங்கும் பணத்தில் செய்யலாம். நீங்களோ மொத்தச் சேமிப்போடு கடனையும் சேர்த்து இறக்கப் பார்க்கிறீர்கள்.

புரோக்கர் போடாத கணக்கைப் போடுவோம். முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்ந்து 9%. முழு விலைக்கும் பதிந்தால் 2.16 லட்சம். 12 லட்சம் கடனை 12% வட்டியில் ஐந்து வருடத் தவணைக்கு எடுத்தால் மாதம் சுமார் 26,700 ரூபாய். அதில் முதல் மூன்று வருட வட்டி மட்டும் 3.28 லட்சம். டெபாசிட்டை உடைப்பதால் 7% வீதம் இழக்கும் வட்டி 3.15 லட்சம். விற்கும்போது 2% கமிஷன், லாபத்தில் 12.5% மூலதன ஆதாய வரி. எல்லாம் போக, கைநஷ்டம் இல்லாமல் வெளியே வரவே சுமார் 34 லட்சத்துக்கு விற்க வேண்டும். அதாவது, விலை 42% ஏறினால் உங்களுக்கு லாபம் பூஜ்யம்!

அந்த மூன்று வருடமும் யார் குறித்த தேதி? பரந்தூர் அறிவிப்பு வந்தது 2022 ஆகஸ்டில். ஏகனாபுரம் போன்ற ஊர்களின் எதிர்ப்பு, நில எடுப்பு, அனுமதிகள் என்று அது தன் போக்கில் நகர்கிறது. உங்கள் தவணை மாதா மாதம் வந்து நிற்கும். விமான நிலையம் வருவது உறுதி என்றே வைத்துக்கொண்டாலும், அந்தச் செய்தியின் விலை உங்களிடம் சொல்லும் 24 லட்சத்துக்குள் ஏற்கெனவே இருக்கிறது.

எனக்கு உறுத்துவது இன்னொன்று. டிடிசிபி (நகர ஊரமைப்பு இயக்ககம்) அனுமதியும் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவும் உள்ள மனைக்கு வங்கிகளே மனைக் கடன் தருகின்றன, பெரும்பாலும் தனிநபர் கடனைவிடக் குறைந்த வட்டியில். பிறகு ஏன் தனிநபர் கடன் எடுக்கச் சொல்கிறார்? வங்கிக்குப் போனால் அவர்களுடைய வக்கீல் தாய்ப்பத்திரத்திலிருந்து வில்லங்கச் சான்று, பட்டா வரை புரட்டிப் பார்ப்பார். அது பிடிக்கவில்லையோ என்னவோ. டிடிசிபி அனுமதி இல்லாமல் வெறும் பஞ்சாயத்து அப்ரூவல் என்று காகிதம் நீட்டினால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

ஆசை விடவில்லை என்றால் ஒரு சோதனை செய்யுங்கள். வேறொரு புரோக்கரிடம் போய், அதே லேஅவுட்டில் உள்ள மனையை இந்த மாதமே விற்றால் என்ன கிடைக்கும் என்று விற்பவர் போலக் கேளுங்கள். வாங்கும்போது சொல்லும் விலைக்கும் அந்தப் பதிலுக்கும் உள்ள இடைவெளி எல்லாவற்றையும் சொல்லிவிடும். அப்படியே பதிவுத்துறை இணையதளத்தில் அந்த சர்வே எண்ணுக்கு வழிகாட்டி மதிப்பையும் (பதிவுக்காக அரசு நிர்ணயித்த மதிப்பு) பார்த்துவிடுங்கள்.

டோக்கனைத் திருப்பிக் கேளுங்கள், ரசீது இருந்தால் எழுத்தில் கேளுங்கள். தராவிட்டால் தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று விடுங்கள். 25,000 போய்விட்டதே என்பதற்காக 26 லட்சத்தைப் பின்னால் அனுப்ப வேண்டாம். மனைதான் வேண்டும் என்றால், ஆறு மாதச் செலவுக்கான பணத்தை டெபாசிட்டிலேயே விட்டுவிட்டு, வேலூர்ப் பக்கம் நீங்களே வீடு கட்டக்கூடிய இடமாகச் சிறியதாகப் பாருங்கள். வங்கி கடன் தரச் சம்மதித்த பிறகு அட்வான்ஸ் கொடுத்தால் போதும்.