வெந்நீர் ஊற்றருகே 8 ஓம்-மீட்டர்: சுடுநீரா, களிமண்ணா?

வெந்நீர் ஊற்றருகே நிலத்தின் மின்தடையை அளந்தபோது 8 ஓம்-மீட்டர் (இந்த எண் குறையக் குறைய மின்சாரம் எளிதில் பாயும்) காட்டும் அடுக்கு கிடைத்தது, அங்கே சுடுநீருக்குத் துளை போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த அடுக்கை மட்டும் நம்பித் துளை போடாதீர்கள். ஊற்றுக்குச் சற்றுத் தள்ளி 40 மீட்டர் ஆழத்தில் நீங்கள் கண்டது சுடுநீர்த் தேக்கம் என்பதைவிடக் களிமண்ணாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

சுடுநீர் நாளடைவில் பாறையை ஸ்மெக்டைட் போன்ற களிமண்ணாக மாற்றிவிடும். அது மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், நீரை எளிதில் விடாது. பாறை ஆறிப்போன பிறகும் களிமண் அப்படியே கிடக்கும். பலரும் ஏமாறுவது இங்கேதான்.

கணக்குப் போட்டே பார்க்கலாம். ஊற்றுநீரின் மின்கடத்துதிறன் செ.மீ.க்கு 2000 மைக்ரோசீமன்ஸ் என்கிறீர்கள். அதாவது 5 ஓம்-மீட்டர். பெரும்பாலான அளவுக் கருவிகள் இதை 25 டிகிரிக்குத் திருத்தியே காட்டும். உங்கள் ஊற்றின் 70 டிகிரியில் ஏறக்குறையப் பாதி, 2.6 என்று வையுங்கள். களிமண் இல்லாத, 20 சதவீதம் துளைவெளியுள்ள (நீர் நிரம்பும் இடைவெளியுள்ள) பாறைக்கு, நீரின் மின்தடையிலிருந்து பாறையின் மின்தடையைக் கணிக்கும் ஆர்ச்சி விதிப்படி 25ஆல் பெருக்கினால் 65 வருகிறது. நீங்கள் அளந்ததோ 8. நீர் மட்டும் இதற்குக் காரணமாக முடியாது.

அப்புறம், சுடுநீர் மேலேறி வரும் பாறைப் பிளவுக்குக் குறுக்கே ஒரு கோட்டில் மின்தடைப் படிமம் (நிலத்தடி மின்தடையைக் குறுக்குவெட்டாகக் காட்டும் படம்) எடுங்கள். அதே கோட்டில் 1 மீட்டர் ஆழத்து வெப்பநிலையையும் அளந்து ஒப்பிடுங்கள். ஒற்றைப் புள்ளி ஆழ அளவீடு, அடுக்குகள் கிடையாக இருப்பதாகவே எடுத்துக்கொள்ளும். செங்குத்தான பிளவருகே அந்த 40 மீட்டரே தவறாக இருக்கலாம்.

ஒரு எச்சரிக்கை: ஆழத்து நீர் ஊற்றுநீரைவிட உப்பாக இருந்தால் மேலே சொன்ன கணக்கு மாறும். பக்கத்தில் இரும்புக் குழாயோ கம்பி வேலியோ இருந்தாலும் அளவீடு கெடும்.