அமெரிக்காவில் காரில் துப்பாக்கி இருந்தால் போலீஸ் காரை முழுக்கச் சோதனை போடலாமா?

கேள்வி இதுதான்: "அமெரிக்காவில் முறையாக லைசென்ஸ் வாங்கித் துப்பாக்கி வைத்திருக்கிறேன். வேகமாகப் போனதற்காகவோ வேறு எதற்காகவோ போலீஸ் நிறுத்தும்போது, துப்பாக்கி இருக்கிறது என்று சொன்னால் காரை முழுக்கக் குடைய அவர்களுக்கு உரிமை வந்துவிடுமா?"

வராது. சட்டப்படி வைத்திருக்கும் துப்பாக்கி எந்தக் குற்றத்துக்கும் தடயம் அல்ல. நீங்கள் உண்மையைச் சொன்னதையே சாக்காக வைத்து டிக்கி வரைக்கும் திறந்து பார்க்க முடியாது. ஆனால் அந்தத் துப்பாக்கியை வாங்கித் தன் கையில் வைத்துக்கொள்ளவும், நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தைச் சுற்றிப் பார்க்கவும் பல நேரம் போலீஸுக்கு வழி இருக்கிறது. நான் வக்கீல் இல்லை. டெக்சாஸில் லைசென்ஸோடு துப்பாக்கி வைத்திருப்பவன். எனக்கே தேவைப்பட்டதால் படித்துத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

காரணமில்லாமல் யாரையும் சோதனை போடக் கூடாது என்பது அரசியல் சட்டத்தின் நான்காவது திருத்தம், 1791 முதல் இருக்கிறது. வீடு என்றால் பொதுவாக வாரண்ட் வேண்டும். கார் விஷயத்தில் 1925இலேயே உச்ச நீதிமன்றம் இதைத் தளர்த்திவிட்டது. மதுவிலக்குக் காலத்தில் மிச்சிகனில் ஒரு காரின் சீட் மெத்தைக்குள் விஸ்கி பாட்டில்களை ஒளித்துக் கொண்டுபோனவர்களின் வழக்கு அது. வாரண்ட் வாங்கி வருவதற்குள் கார் போய்விடும், அதனால் தகுந்த முகாந்திரம் இருந்தால் போதும் என்று தீர்ப்பானது. கவனியுங்கள், அந்த முகாந்திரம் ஒரு குற்றத்தைப் பற்றியதாக இருக்க வேண்டும். வேகமாகப் போனதற்கு டிக்கியில் என்ன ஆதாரம் கிடைக்கப்போகிறது?

துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்குச் சிக்கல் வருவது "போலீஸின் பாதுகாப்பு" என்ற வழியில்தான். முறைப்படி நிறுத்தப்பட்ட எந்த ஓட்டுநரையும் காரைவிட்டு இறங்கச் சொல்லலாம் என்று 1977இல் தீர்ப்பு வந்தது. எனவே இறங்கச் சொன்னால் இறங்கிவிடுங்கள், அங்கே வாதாடிப் பயனில்லை. 1983இல் மிச்சிகன் எதிர் லாங் என்ற வழக்கு. இவர் ஆபத்தானவர், காருக்குள் இருக்கும் ஆயுதத்தை எட்டி எடுத்துவிடுவார் என்று நியாயமாகச் சந்தேகிக்க இடமிருந்தால், ஆயுதம் இருக்கக்கூடிய இடங்களை மட்டும் பார்க்கலாம் என்றார்கள். சீட்டுக்கு அடியில், கதவுப் பையில் என்று கைக்கு எட்டும் இடங்கள். அப்படித் தேடும்போது கண்ணில் படும் வேறு பொருளும் வழக்கில் வந்து சேரும். லாங்குக்கு அப்படித்தான் ஆனது, கிடைத்தது கஞ்சா.

சரி, துப்பாக்கி இருந்தாலே "ஆபத்தானவர்" ஆகிவிடுவாரா? இங்கேதான் நீதிமன்றங்கள் ஒரே குரலில் பேசுவதில்லை. மேற்கு வர்ஜீனியாவில் சீட் பெல்ட் போடாததற்காக நிறுத்தப்பட்ட காரில் இருந்த பயணி ஒருவரின் வழக்கில், நான்காவது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2017இல் ஆகிவிடுவார் என்றே சொன்னது. துப்பாக்கி சட்டப்படியானதாகவே இருக்கலாம், ஆனாலும் முறையாக நிறுத்தப்பட்டவரிடம் ஆயுதம் இருக்கிறது என்று நம்ப இடமிருந்தால் உடம்பைத் தடவிப் பார்க்கலாம் என்பது தீர்ப்பு. மேரிலாந்து, வர்ஜீனியா, மேற்கு வர்ஜீனியா, இரண்டு கரோலினாக்கள் இதன் எல்லைக்குள் வருகின்றன. எனக்கு இந்தத் தீர்ப்பு ஏற்புடையதாக இல்லை. கைரேகை வாங்கி, பின்னணியை அலசி, அரசே லைசென்ஸ் கொடுத்த ஆளை, அந்த லைசென்ஸைப் பயன்படுத்தியதற்காகவே ஆபத்தானவராக எண்ணுவது நியாயமா?

இதற்கு நேர்மாறாக, எனக்குத் தெரிந்தவரை உங்கள் கேள்விக்கு மிக நெருக்கமான வழக்கு கனெக்டிகட்டின் வாட்டர்பரியில் நடந்தது. 2018 நவம்பரில் ஓர் இரவு ஒருவர் காரை நிறுத்தி, உறைந்துபோன ஜிபிஎஸ்ஸைச் சரிசெய்துகொண்டிருந்தார். போலீஸ் அதிகாரி வந்து கண்ணாடியைத் தட்டினார். இவர் டிரைவிங் லைசென்ஸோடு துப்பாக்கிப் பெர்மிட்டையும் நீட்டி, பிஸ்டல் கதவுப் பக்கத்தில் இருக்கிறது என்றும் சொன்னார். அடுத்த நொடியே அவரை வெளியே இழுத்து, விலங்கு மாட்டி, போலீஸ் காருக்குள் தள்ளிவிட்டு, காரின் உள்ளேயும் டிக்கியிலும் தேடினார்கள். அவர் வழக்குப் போட்டார். பெர்மிட்டைக் காட்டித் துப்பாக்கி இருப்பதைச் சொன்ன ஒருவர் சட்டவிரோதமாக வைத்திருக்கிறார் என்று நினைக்க முகாந்திரமே இல்லை என்று சொல்லி, தன்மேல் வழக்கே செல்லாது என்று அந்த அதிகாரி கேட்ட சட்டப் பாதுகாப்பை இரண்டாவது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2024 ஆகஸ்டில் மறுத்துவிட்டது. சம்பவம் நடந்து கிட்டத்தட்ட 6 வருடம் கழித்து!

இவ்வளவு சட்டமும் ஒரே வார்த்தையில் பயனற்றுப் போகும். "பார்த்துக்கலாமா?" என்று கேட்பார்கள், நாம் "ஓகே" என்போம். சம்மதம் கொடுத்துவிட்டால் முகாந்திரமும் வேண்டாம், வாரண்டும் வேண்டாம். மறுக்க உங்களுக்கு உரிமை இருக்கிறது என்று போலீஸ் சொல்லவேண்டிய கட்டாயமும் இல்லை, இது 1973 தீர்ப்பு. நம் ஊர்க்காரர்கள் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். போலீஸிடம் முடியாது என்று சொல்லி நமக்குப் பழக்கமில்லை. "மறைக்க ஒண்ணும் இல்லையே, பார்த்துட்டுப் போகட்டும்" என்ற எண்ணம். போன வாரம் காரை இரவல் வாங்கிய நண்பரின் நண்பர் பின் சீட்டில் எதை விட்டுப்போனார் என்று உங்களுக்குத் தெரியுமா? டிஎச்சி (கஞ்சாவின் போதைப் பொருள்) எண்ணெய் உள்ள வேப் பேனா ஒன்று கிடைத்தாலே டெக்சாஸில் அது ஃெபலனி, அதாவது கடுங்குற்றம்.

அதனால் மரியாதையாக, குரலை உயர்த்தாமல், "ஆபீஸர், ஐ டோன்ட் கன்சென்ட் டு எனி சர்ச்சஸ்" என்று சொல்லிவிடுங்கள். மறுத்ததை மட்டும் வைத்துச் சந்தேகப்பட முடியாது. அதையும் மீறித் தேடினால் தடுக்காதீர்கள், கதவை மறிக்காதீர்கள். தவறான சோதனை என்றால் அதில் கிடைத்ததை வழக்கிலிருந்து நீக்கச் சொல்லி வக்கீல் நீதிமன்றத்தில் கேட்பார். டிக்கெட் எழுதி முடித்த பிறகும் நிறுத்தி வைத்தால் "நான் போகலாமா?" என்று கேளுங்கள். வேறு சந்தேகம் எதுவும் இல்லாமல் மோப்ப நாய்க்காக ஏழெட்டு நிமிடம்கூடக் காக்கவைக்கக் கூடாது என்று 2015இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

என்னை ஓர் இரவு ஆஸ்டின் பக்கம், பின்விளக்கு எரியவில்லை என்று நிறுத்தினார்கள். எஞ்சினை அணைத்து, உள்விளக்கைப் போட்டு, இரண்டு கையையும் ஸ்டீயரிங் மேல் வைத்துக்கொண்டேன். டெக்சாஸில் லைசென்ஸ்காரர் துப்பாக்கியோடு இருக்கும்போது அடையாள அட்டை கேட்டால் துப்பாக்கி லைசென்ஸையும் சேர்த்தே காட்ட வேண்டும். எங்கே இருக்கிறது என்று அதிகாரி கேட்டார். வலது இடுப்பில் என்று சொன்னேன், கையை அசைக்கவில்லை. இறங்கச் சொல்லி, அவரே எடுத்துக் குண்டுகளைக் கழற்றி வைத்துக்கொண்டு, எச்சரிக்கை எழுதிக் கொடுத்தபின் திருப்பித் தந்தார். அங்கே சட்டம் சொல்வதும் அதுதான். பாதுகாப்புக்காக வாங்கி வைக்கலாம், அனுப்பும் முன் கொடுத்துவிட வேண்டும். காரைத் தொடவே இல்லை.

கையை அசைக்காதீர்கள் என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் ஃபிலாண்டோ காஸ்டில். 2016 ஜூலை 6 அன்று மினசோட்டாவில் நிறுத்தப்பட்டபோது, தன்னிடம் துப்பாக்கி இருப்பதை அமைதியாகத்தான் சொன்னார். அவரிடம் பெர்மிட் இருந்தது. சில நொடிகளில் ஏழு முறை சுட்டார் அந்த அதிகாரி. காருக்குள் 4 வயதுக் குழந்தையும் இருந்தது. மறு வருடம் அதிகாரி விடுதலை ஆனார். காஸ்டில் கருப்பினத்தவர் என்பதை விட்டுவிட்டு இதைப் பேச முடியாது. நம் தோல் நிறத்தையும் இரவில் டார்ச் வெளிச்சத்தில்தான் பார்ப்பார்கள். பர்ஸை எடுக்கும் முன்பும் சொல்லிவிட்டே எடுங்கள்.

மாநிலம் தாண்டினால் விதி மாறும். மிச்சிகனில் மறைத்து எடுத்துச் செல்பவர் கேட்காமலே உடனே சொல்ல வேண்டும். ஒஹாயோவில் 2022 முதல் கேட்டால் சொன்னால் போதும். 2013இல் பென்சில்வேனியா பெர்மிட்டை நம்பி, அது செல்லாத நியூ ஜெர்சிக்குள் போன ஒரு பெண், போலீஸிடம் தானாகவே சொல்லிக் கைதானார். ஆளுநர் மன்னிப்பு வழங்க 2015 ஆகிவிட்டது. பிற மாநிலம் வழியாகப் போகும்போது குண்டுகளைக் கழற்றி, பூட்டி, டிக்கியில் வையுங்கள்.

கடைசியாக விசா. எச்1பி வேலை விசா, அவர்கள் குடும்பத்தாருக்கான எச்4, மாணவர், சுற்றுலா விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதே மத்திய அரசு சட்டப்படி குற்றம். வேட்டை லைசென்ஸ் போன்ற சில விலக்குகள் மட்டுமே உண்டு. 2022இல் தண்டனையை 15 வருடம் வரை உயர்த்தியிருக்கிறார்கள். கிரீன் கார்டுக்காரருக்கு இந்தத் தடை கிடையாது. ஆனால் ஊரிலிருந்து வந்த அப்பாவை முன் சீட்டில் உட்காரவைத்து, அவர் எதிரிலுள்ள டேஷ்போர்டில் துப்பாக்கியை வைத்தால், அது யார் வசம் இருந்தது என்ற கேள்வி அவர்மேலும் வரலாம். என் பெற்றோர் வந்து தங்கும் மாதங்களில் என் துப்பாக்கி வீட்டு லாக்கரைவிட்டு வெளியே வராது, சாவியும் என்னிடம்தான் இருக்கும்.